குதிரையைக் கட்டி தீனி போட எவ்வளவு ஆகும்? சம்பளக்காரக் குடும்பத்தோட கணக்கு



"யானையைக் கட்டி தீனி போட முடியுமா?" இந்தக் கேள்வியைக் கேட்காம வளர்ந்தவங்க நம்மள்ல யாராவது இருக்கீங்களா? பைக் கேட்டா இதான் பதில். கேமரா கேட்டாலும் இதான் பதில். கவனிச்சுப் பாருங்க, யானையை எவ்வளவுக்கு வாங்கப் போறேன்னு பெரியவங்க கேட்கவே மாட்டாங்க. நேரா தீனிக்கு வந்துடுவாங்க.

இன்னைக்கு அந்தத் தீனிக் கணக்கை முழுசா போட்டுப் பார்க்கப் போறோம். யானைக்குப் பதிலா ஒரு குதிரை. இடம் அமெரிக்காவுல ஓஹியோ மாநிலம், கிராமப்புறம்.

"சம்பளத்துல ஓடுற எனக்கு குதிரைக் கணக்கு எதுக்கு?"னு தோணலாம். அங்க குதிரை வச்சுப் போட்டிக்குப் போறவங்கள்ல நிறைய பேர் உங்களை மாதிரி மாசச் சம்பளக்காரங்கதான். வேலை, வீடு, குழந்தைங்க படிப்பு, நிலம், கடன் எல்லாத்துக்கும் நடுவுல தினமும் சாப்பிடுற ஒரு ஆசையை வச்சுக் காப்பாத்துறாங்க. ஆசைக்கும் சம்பளத்துக்கும் நடுவுல நடக்குற இழுபறியைப் புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

முதல்ல ஒரு விஷயம். இது கிண்டி ரேஸ் மாதிரி இல்ல. பந்தயம் கட்டுறது கிடையாது. இதுக்குப் பேரு ஹார்ஸ் ஷோ. ஹால்டர்னு ஒரு பிரிவு, அதுல குதிரையோட உடல்வாகை மட்டும் பார்ப்பாங்க. வெஸ்டர்ன் ப்ளெஷர்னு ஒண்ணு, குதிரை எவ்வளவு நிதானமா, ஆட்டம் இல்லாம நடக்குதுன்னு பார்ப்பாங்க. மூணு பேரலைச் சுத்தி யார் வேகமா திரும்புறாங்கன்னு கடிகாரம் வச்சுப் பார்க்குறது பேரல் ரேஸிங். எனக்குப் பிடிச்சது ஷோமன்ஷிப். அதுல மார்க் குதிரைக்கு இல்ல, அதைக் கையில பிடிச்சு நடத்திக்கிட்டு வர்ற ஆளுக்கு.

ஜெயிச்சா? அங்க முதல் பரிசுக்கு நீல ரிப்பன். உள்ளூர் போட்டிகள்ல பெரும்பாலும் அவ்வளவுதான். பரிசுப் பணம் இருந்தாலும் வந்து போன டீசலுக்குப் பத்துமான்னு யோசிக்கணும். அதனால இதை "முதலீடு"ன்னு யாராவது சொன்னா அப்பவே உஷாராகிடுங்க.

கிராமத்துப் பிள்ளைங்க இதுக்குள்ள வர்ற பெரிய வாசல் ஃபோர்-எச்னு ஒரு அமைப்பு. 1902-ல ஓஹியோவுல கிளார்க் கவுன்டியில (கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) பண்ணைப் பிள்ளைங்களுக்காக ஒரு பள்ளி அதிகாரி ஆரம்பிச்ச கிளப்புல இருந்து வளர்ந்தது. இப்ப மாநிலப் பல்கலைக்கழகங்களோட விரிவாக்கத் துறை நடத்துது. கன்னுக்குட்டி, முயல், பன்னி, குதிரைன்னு பிள்ளை ஒரு ப்ராஜெக்ட் எடுத்து வளர்த்து, கவுன்டி கண்காட்சிக்குக் கொண்டு வரணும். அதுல ப்ராஜெக்ட் ரெக்கார்டும் எழுத வைப்பாங்க. என்ன தீனி போட்ட, எவ்வளவு செலவு, மருந்துக்கு எவ்வளவுன்னு பிள்ளையே எழுதணும். பதினோரு வயசுல செலவுக் கணக்கு! நமக்கு முதல் சம்பளம் வந்து ரெண்டு வருஷம் கழிச்சும் யுபிஐ ஹிஸ்டரிதான் கணக்குப் புத்தகம்.

சரி, கணக்குக்கு வருவோம். கற்பனையா ஒரு குடும்பத்தை வச்சுக்குவோம். அப்பா கொஞ்சம் நிலத்துல சோளமும் புல்லும் போடுறார். அம்மா பக்கத்து டவுன்ல ஒரு ஆஸ்பத்திரி பில்லிங்ல வேலை பார்க்குறாங்க. பொண்ணுக்கு 12 வயசு, தம்பிக்கு 8. பொண்ணுக்காக 10 வயசுக் குதிரை ஒண்ணு வாங்குறாங்க. க்வார்ட்டர் ஹார்ஸ்னு ஒரு இனம், கால் மைல் ஓட்டத்துல வேகமா இருந்ததால அந்தப் பேரு. இந்த இனத்துக்கான சங்கம் 1940-ல ஆரம்பிச்சது, டெக்ஸாஸ்ல இருக்கு. கிராமத்து ஷோக்கள்ல இந்த இனத்தை நிறையவே பார்க்கலாம்.

அம்மாவோட வேலையை இங்க கவனிங்க. அமெரிக்கப் பண்ணைக் குடும்பங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வருமானத்துல பெரிய பங்கு பண்ணைக்கு வெளியில இருந்துதான் வருது. மருத்துவக் காப்பீடும் அந்த வேலையோடதான் ஒட்டியிருக்கும். அதாவது குதிரைக்குத் தீனி போடுறது நிலம் இல்ல, அம்மாவோட சம்பளம்.

குதிரை ஒரு நாளைக்கு தன் எடையில ஒன்றரைல இருந்து ரெண்டு சதவீதம் வரைக்கும் காய்ஞ்ச புல் சாப்பிடும். (ஹே-ன்னு சொல்வாங்க. நம்ம வைக்கோல் இல்ல, சத்தோட வெட்டிக் காய வச்ச புல்லு.) 500 கிலோ குதிரைக்கு தினம் 9 கிலோன்னு வைங்க, வருஷத்துக்கு 3,285 கிலோ. ஒரு கட்டு 22 கிலோன்னா கிட்டத்தட்ட 150 கட்டு. கட்டு 8 டாலர்னு வச்சுக்கிட்டா 1,200 டாலர். இங்க வர்ற விலை எல்லாமே உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிட்ட விலை. ஊருக்கு ஊரு, வருஷத்துக்கு வருஷம் மாறும். கணக்குப் போடுற முறையை மட்டும் பிடிச்சுக்கோங்க.

"அப்பாதான் புல்லு போடுறாரே, அது ஃப்ரீ தானே?" இல்ல. அந்த 150 கட்டை வித்திருந்தா 1,200 டாலர் வந்திருக்கும். சொந்த வீட்டு மாடி போர்ஷனை நண்பனுக்கு சும்மா விட்டுட்டு "எனக்கு ஒரு செலவும் இல்ல"ன்னு சொல்ற மாதிரிதான் இது. பாக்கெட்டை விட்டு வெளிய போகலன்னா செலவு இல்லன்னு நினைக்கிறது நம்ம எல்லாருக்கும் இருக்குற பழக்கம்.

அடுத்து லாடம். ஆறுல இருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடத்தை மாத்தணும். வருஷத்துக்கு 8 தடவை, தடவைக்கு 150 டாலர்னா இன்னொரு 1,200. தடுப்பூசி, பல்லு ராவுறது, குடற்புழு மருந்து, காகின்ஸ் டெஸ்ட் எல்லாம் சேர்த்து 600. காகின்ஸ்னா குதிரைகளுக்கு வர்ற ஒரு ரத்தசோகை வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை. அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அதனால அந்தச் சான்றிதழ் கையில இல்லன்னா பெரும்பாலான போட்டி வளாகத்துக்குள்ள வண்டியே நுழைய முடியாது. தானியம், உப்புக்கட்டி, தரையில விரிக்கிற மரத்தூள் இதெல்லாம் 1,000. ஆக, ஒரு ஷோவுக்கும் போகாம சும்மா நின்னாலே வருஷம் 4,000 டாலர்.

இப்ப ஷோ. ஒரு வார இறுதிக்குப் போனா லாய வாடகை, ஒவ்வொரு பிரிவுக்கும் நுழைவுக் கட்டணம், ஆபீஸ் கட்டணம். சங்கத்தோட பெரிய ஷோக்கள்ல ஊக்க மருந்துப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. டீசல், சாப்பாடு. 400 டாலர்னு வச்சு, வருஷம் 8 ஷோன்னா 3,200. மொத்தம் 7,200.

குதிரை வாங்கின விலை 8,000 டாலர்னு வச்சுக்குவோம். 14 மாசத்துக்குள்ள பராமரிப்பு அதைத் தாண்டிடுச்சு. பிக்கப் ட்ரக்கையும் ட்ரெய்லரையும் நான் இன்னும் சேர்க்கவே இல்ல. ரெண்டு குதிரை ஏத்தினாலே ஒரு டன், அதுக்கு மேல ட்ரெய்லரோட எடை. சின்னக் கார் இழுக்காது. "ட்ரக் பண்ணைக்குத்தான் வாங்கினோம்"னு குடும்பம் சொல்லும். பாதி உண்மை. கேமிங்குக்கு வாங்கின லேப்டாப்பை "ஆபீஸ் வேலைக்கும் ஆகும்ல"ன்னு சொல்ற அதே பாதி உண்மை.

பணத்தை விடுங்க, எனக்கு இந்தக் கணக்குலயே கனமா தெரியுறது நேரம்.

குதிரையோட வயிறு உடம்புக்கு ரொம்பச் சின்னது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடுற மாதிரி படைக்கப்பட்ட மிருகம். ஒரே வேளையில கொட்டிட்டுப் போயிட முடியாது. காலையில ஸ்கூல் பஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை, இடையில தண்ணி. தினம் 20 கிலோவுக்கு மேல சாணி அள்ளணும். பனி கொட்டுற ஜனவரியில தண்ணித் தொட்டி உறைஞ்சிருக்கும், அதை உடைக்கணும். கிறிஸ்துமஸ் அன்னைக்கும்தான். தம்பிக்குக் காய்ச்சல் அடிக்கிற அன்னைக்கும்தான். குடும்பத்தோட நாலு நாள் டூர் போகணும்னா பக்கத்துப் பண்ணைக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் தேதி குறிக்கணும். எஸ்ஐபி-யை ஒரு மாசம் நிறுத்தி வைக்கலாம். ஜிம் மெம்பர்ஷிப்பை விட்டுடலாம். குதிரையை நிறுத்தி வைக்குற பட்டன் எந்த ஆப்லயும் கிடையாது.

இதுல ஒரு சிக்கல், வெளியில இருந்து பார்த்தா தெரியாது. ஓஹியோவுல முதல் புல் அறுப்பு மே கடைசி, ஜூன்ல. ஷோ சீசனும் அப்பதான் சூடு பிடிக்கும். கவுன்டி கண்காட்சிகள் ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஓடும். புல்லு அறுத்தா மழையே இல்லாத மூணு, நாலு நாள் வேணும். ஈரத்தோட கட்டி அடுக்கினா பூஞ்சை பிடிக்கும். அதோட போகாது, உள்ளுக்குள்ள சூடாகி தானாவே தீப்பிடிச்சு கொட்டகையே எரிஞ்சு போறதும் உண்டு. இப்ப யோசிங்க. வெள்ளி, சனி, ஞாயிறு வெயில்னு வானிலை சொல்லுது. அதே சனிக்கிழமை பொண்ணுக்கு ஷோ. நுழைவுக் கட்டணம் கட்டியாச்சு. அப்பா புல்லோட இருக்கணும், அம்மா ட்ரெய்லர் ஓட்டணும், எட்டு வயசுத் தம்பி யாரோட? அவனுக்கு அன்னைக்கு பேஸ்பால் மேட்ச் வேற இருக்கலாம். ஒரு சீசன்ல இது எத்தனை சனிக்கிழமைன்னு எண்ணிப் பாருங்க.

இந்த இடத்துலதான் குடும்பங்கள் உரசிக்கும்னு நான் நினைக்கிறேன். 7,200 டாலரை ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கலாம். "எல்லா சனிக்கிழமையும் அக்காவுக்குத்தான்"னு தம்பி மனசுல விழுற கணக்கு எந்த ரெக்கார்டு புத்தகத்துலயும் வராது. சமாளிக்குறவங்க செய்யுறது எளிமையானது. ஜனவரியிலயே காலண்டரை மேஜையில விரிச்சு, அறுப்பு வாரங்களை முதல்ல அடைச்சுட்டு, தம்பிக்குன்னு சில வார இறுதிகளைக் குறிச்சுட்டு, மிச்சம் இருக்குறதுலதான் ஷோ. எட்டுன்னு நினைச்சது அஞ்சாகும். அதுலயே 1,200 டாலர் மிச்சம்.

இன்னொண்ணும் முன்கூட்டியே பேசி வைக்கணும், அது மனசுக்குக் கஷ்டமான பேச்சு. குதிரையால வாந்தி எடுக்க முடியாது. குடல் முறுக்கிக்கிட்டா கோலிக்னு சொல்ற வயித்து வலி வரும், குதிரைகள் சாகுறதுக்கு முக்கியக் காரணங்கள்ல அது ஒண்ணு. சிலது மருந்துலயே சரியாகும். சிலதுக்கு அறுவை சிகிச்சை, பல ஆயிரம் டாலர். பிழைக்கும்னு உத்தரவாதமும் கிடையாது. ராத்திரி ரெண்டு மணி, டாக்டர் போன்ல "ஆபரேஷன் பண்ணலாமா, வேண்டாமா"ன்னு கேட்குறார், பக்கத்துல பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குறா. அந்த நேரத்துல எந்த அப்பா அம்மாவும் சரியா முடிவெடுக்க முடியாது. அதனால அனுபவம் உள்ளவங்க, குதிரை நல்லா இருக்கும்போதே "இவ்வளவு வரைக்கும் செய்வோம், அதுக்கு மேல வலியில்லாம அனுப்பிடுவோம்"னு ஒரு தொகையைப் பேசி வச்சுடுவாங்க. பிள்ளையையும் உட்கார வச்சு. குதிரைக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு, ஆனா வயசு ஏற ஏற ப்ரீமியம் ஏறும், சில கவர் கிடைக்கவே கிடைக்காது. குடும்பத்தோட எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து இதை எடுக்கக் கூடாதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். அம்மாவுக்கு வேலை போனா அந்த ஃபண்ட்தான் கரன்ட் பில் கட்டும். குதிரைக்குத் தனி உண்டியல்.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சப்ஜெக்ட், வரி.

அமெரிக்க வரிச் சட்டத்துல 183-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு வேலையை லாப நோக்கத்தோட செய்யுறீங்களா, பொழுதுபோக்கா செய்யுறீங்களான்னு பிரிக்கிற பிரிவு. பொதுவா 5 வருஷத்துல 3 வருஷம் லாபம் காட்டினா, அதைத் தொழில்னு எடுத்துக்குவாங்க. குதிரை வளர்க்குறது, பழக்குறது, ஷோ, ரேஸ் இதுக்கு மட்டும் தனிச் சலுகை: 7 வருஷத்துல 2 வருஷம் லாபம் காட்டினா போதும். தொழில்னு ஆகிட்டா அந்த நஷ்டத்தை மத்த வருமானத்துல கழிக்க வழி உண்டு. பொழுதுபோக்குன்னா 2018-ல இருந்து மத்திய வரியில அந்தச் செலவைக் கழிக்கவே முடியாது. ஆனா ஏதாவது வருமானம் வந்தா அதுக்கு வரி கட்டணும்!

இதைப் பார்த்ததும் "அப்போ குதிரையைத் தொழில்னு காட்டிட்டா வரி மிச்சம்தானே?"ன்னு தோணும். 22 சதவீத வரி வரம்புல இருக்குறவர் 100 டாலர் நஷ்டம் காட்டினா 22 டாலர் மிச்சம். 78 டாலர் போயே போச்சு. மார்ச் மாசம் 80சி-க்காக வேண்டாத எண்டோமென்ட் பாலிசியில கையெழுத்துப் போடுற நம்ம நண்பர்களுக்கு இது புரியும்னு நினைக்கிறேன். அதோட, வரித்துறை வெறும் லாப வருஷத்தை மட்டும் எண்ணாது. கணக்குப் புத்தகம் ஒழுங்கா இருக்கா, தனி பேங்க் அக்கவுன்ட் இருக்கா, எவ்வளவு நேரம் போடுறீங்க, இதுல உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் கிடைக்குதுன்னு ஒன்பது விஷயம் பார்க்கும். ஆமா, சந்தோஷமும் அந்தப் பட்டியல்ல இருக்கு.

நம்ம ஊர்ச் சட்டம் இதுல ரொம்பக் கறார். 1961 வருமான வரிச் சட்டத்துல 74ஏ பிரிவு, ரேஸ் குதிரை வச்சிருக்கிறதுல வர்ற நஷ்டத்தை ரேஸ் குதிரை வருமானத்துல மட்டும்தான் கழிக்க விட்டுச்சு. சம்பளத்துல கை வைக்க முடியாது. மிச்ச நஷ்டத்தை 4 வருஷத்துக்கு மட்டும் முன்னெடுத்துட்டுப் போகலாம். 2025-ல புதுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிடுச்சு, அதனால யாராவது உங்ககிட்ட இந்தப் பேச்சை எடுத்தா ஆடிட்டர்கிட்ட புது எண்ணைக் கேட்டுக்கோங்க.

வாங்குறப்ப யாரும் போடாத கணக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. குதிரை 25 முதல் 30 வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும். பொண்ணு 12 வயசுல ஆரம்பிச்சா, 18 வயசோட இளையோர் போட்டி முடிஞ்சிடும். அப்ப குதிரைக்கு 16. பொண்ணு காலேஜுக்குப் போயிடுவா. குதிரை 28 வரைக்கும் இருந்தா இன்னும் 12 வருஷம். லாடம் வேண்டாம், ஷோ கிடையாது, வருஷம் 3,000 டாலர் போதும்னு குறைச்சே போட்டாலும் 36,000 டாலர். போட்டிக்குப் போன 6 வருஷத்துக்கு 43,200. வாங்கின விலை 8,000. மொத்தம் 87,200, விலைவாசி ஏத்தத்தைச் சேர்க்காமலே. அதுல குதிரையோட விலை நூத்துக்கு 9 டாலர்தான். பேரம் பேசி 500 டாலர் குறைச்சோம்னு சந்தோஷப்பட்டது அந்த 9-ல.

அந்த 12 வருஷத்தைத் தாங்க முடியாதவங்க என்ன பண்றாங்க? ஏலத்துக்கு அனுப்புறவங்க இருக்காங்க. அமெரிக்காவுக்குள்ள இருந்த கடைசிக் குதிரை இறைச்சிக் கூடங்கள் 2007-ல மூடப்பட்டாலும், அதுக்கு அப்புறமும் குதிரைகள் எல்லை தாண்டி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் அதுக்காகவே போயிருக்கு. பெயர் வச்சு, தடவிக் கொடுத்து, ரிப்பன் வாங்கின குதிரை எங்க போய்ச் சேரும்னு விக்கிறவங்களுக்குத் தெரியாமலே போயிடலாம்.

நல்ல வழியும் இருக்கு, ஆனா அதுக்கு நேரம் பார்க்கணும். 16 வயசுக் குதிரைன்னா கிழம்னு நினைக்காதீங்க. கூட்டம், மைக் சத்தம், ட்ரெய்லர் எதுக்கும் மிரளாத பழகின குதிரை, புதுசா ஆரம்பிக்கிற பத்து வயசுப் பிள்ளைக்குத் தங்கம். அந்த வயசுல அதுக்கு நல்ல விலையும் உண்டு, நல்ல வீடும் உண்டு. 22 வயசுல ரெண்டும் கிடையாது. வித்துட மனசு வரலன்னா லீஸுக்கு விடலாம். இன்னொரு குடும்பம் தீனி, லாடம், டாக்டர் எல்லாம் பார்த்துக்கும், உரிமை உங்ககிட்டயே இருக்கும்.

வாங்குற பக்கமும் அதே லீஸ் இருக்கு. நானா இருந்தா முதல் வருஷம் கண்டிப்பா லீஸ்தான். பொண்ணு ஜனவரிப் பனியிலயும் காலையில எழுந்து சாணி அள்ளுறாளான்னு ஒரு குளிர்காலம் பார்த்துட்டு அப்புறம் 8,000 டாலரைப் பத்திப் பேசலாம். உங்களுக்கு அது குதிரையா இருக்க வேண்டாம். பெரிய பைக், ட்ரோன் கேமரா, பெரிய இன நாய், ஜல்லிக்கட்டுக் காளை எதுவா இருந்தாலும் ஒரு சீசன் வாடகைக்கோ, கூட்டுக்கோ, நண்பனோடதைப் பார்த்துக்குற பொறுப்பாவோ எடுக்க வழி இருக்கான்னு பாருங்க.

ஓஹியோ குடும்பத்துக்கு வருவோம். பொண்ணுக்கு 16 ஆகும்போது அம்மா அந்தப் பேச்சை எடுத்தாகணும். ரெண்டு வருஷத்துல காலேஜ் கட்டணம் ஆரம்பிக்கும். அதுக்குன்னு 529 திட்டத்துல (அங்க பிள்ளைங்க படிப்புக்கான வரிச் சலுகை சேமிப்பு) மாசம் போடுற பணமும் குதிரைத் தீனியும் ஒரே சம்பளத்துல இருந்துதான் போகுது. பொண்ணு கோவப்படுவா. ரெண்டு நாள் பேச மாட்டா. ஆனா அஞ்சு வருஷமா அவளே எழுதின ரெக்கார்டு அலமாரியில இருக்கு, தீனி எவ்வளவு, லாடம் எவ்வளவுன்னு அவ கையெழுத்துலயே.

இந்தக் கணக்கைப் போட்ட ஷீட்டை வீடியோவுக்குக் கீழே வச்சிருக்கேன். முதல் கட்டத்துல "குதிரை"ன்னு இருக்குறதை அழிச்சுட்டு உங்களோடதை எழுதிக்கோங்க. கடைசி வரிசையில "எத்தனை சனிக்கிழமை"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியா விடாதீங்க.